இருபத்திரண்டாம் பிரிவின்படி அமர்த்தப்பட்ட அலுவலர்

கோலா மெராந்தி
மார்ச் 6, 1979

மதிப்பிற்குரிய மிஸ் லிங் சியூ எங் அவர்களுக்கு,

இந்த மாவட்டத்தின் திருமணப் பதிவாளர் என்ற முறையில் வருத்தத்துடன் (வருத்தம் ஒன்றும் இல்லை, சும்மா ஒரு மரியாதைக்கு) தெரிவித்துக்கொள்வது: தங்கள் தம்பி ஹோக் செங்குக்கும் பள்ளி ஆசிரியை ரின்யாவுக்கும் நான் திருமணம் செய்து வைக்க முடியாது.

காரணம் தாங்கள்தான். போன வாரப் படகில் தங்கள் அலுவலகத்திலிருந்து திருத்தச் சீட்டுகள் வந்தன. கத்தரியும் பசையுமாக உட்கார்ந்து, சட்டப் புத்தகத்தின் பழைய வரிகளை வெட்டிவிட்டுப் புதியவற்றை ஒட்டினேன். தாங்கள் பழக்கிய கை, பிசகாது. ஒட்டி முடித்துப் படித்துப் பார்த்தபோதுதான் என் வேலை பறிபோனது தெரிந்தது.

நம் உள்ளாட்சிச் சட்டத்தின் 8ஆம் பிரிவு என்ன சொல்கிறது? திருமணம் செய்து வைக்கும் அதிகாரம் 22ஆம் பிரிவின்படி அமர்த்தப்பட்ட அலுவலருக்கு மட்டுமே. இதுவரை 21 என்பது நாய்க் கட்டுப்பாட்டு அலுவலர், 22 என்பது நான். இப்போது படகுத்துறைக்கென்று புதிதாக ஒரு பிரிவை 21 என்று நடுவில் சொருகி, பின்னால் இருப்பவற்றையெல்லாம் ஒவ்வோர் எண் தள்ளச் சொல்லியிருக்கிறார்கள். தள்ளினேன். நாய் அலுவலர் 22க்கு வந்துவிட்டார், நான் 23க்குப் போய்விட்டேன். எட்டாம் பிரிவை மட்டும் யாரும் தொடவில்லை. ஆக, இந்த மாவட்டத்தில் கல்யாணம் செய்து வைக்கச் சட்டப்படி தகுதியுள்ள ஒரே மனிதர் நாய் பிடிக்கும் உந்திங்.

தங்கள் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அண்ணே, விளையாடாதீங்க. எங்க அக்கா மேல உள்ள கோவத்த என் மேல காட்டாதீங்க" என்றான். கோபமா? எனக்கா? தலைநகர் அலுவலகத்தில் நாம் ஒன்றாக வேலை பார்த்தபோது, காப்பிக்கடைச் சட்டத்தில் ஆறாம் பிரிவில் இருக்கும் 'பத்து' என்பதைப் 'பதினைந்து' ஆக்கச் சொல்லித் திருத்தம் வந்தது. ஆறில் பத்தே இல்லை, ஏழில்தான் இருந்தது. நான் ஏழில் மாற்றி ஒட்டினேன். பச்சைப் பிள்ளைக்கும் புரியும், அதுதான் நோக்கம் என்று. பக்கத்து மேசையில் இருந்த தாங்கள் மேலிடத்துக்கு எழுதினீர்கள். "நமக்கு எதுக்கு நோக்கம்? சட்டமன்றம் நிறைவேத்துனத ஒட்டணும், அவ்ளோதான்" என்றீர்கள். அடுத்த மாதம் நான் இந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தேன். இன்றுவரை இங்கேதான் இருக்கிறேன்.

இப்போது நிறைவேற்றியதை ஒட்டியிருக்கிறேன். மகிழ்ச்சிதானே?

இப்படிக்கு,
நுவாங் அனாக் செலி
(பிரிவு 23)


தலைநகர்
மார்ச் 15, 1979

நுவாங்,

உங்கள் கடிதம் வந்தது. படித்த வேகத்தில் தேநீர் சிந்தி, கல்லறைகள் சட்டத்தில் பாதி பாழாகிவிட்டது. அதற்கும் சேர்த்து நீங்கள்தான் பொறுப்பு.

எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? அந்தத் திருத்தத்தை இங்கே ஒட்டியதே நான்தான். ஒட்டும்போதே எட்டாம் பிரிவு கண்ணில் பட்டது. உடனே வரைவு அதிகாரி என்சிக் ஷாரிலிடம் ஓடினேன். அவர் இங்கிலாந்தில் படித்து வந்தவர். எல்லோரும் செய்வதுபோலப் புதிய பிரிவை '20அ' என்று போட்டிருந்தால் எந்த எண்ணும் நகர்ந்திருக்காது. அவர் சொல்கிறார், "இருபதுக்குப் பக்கத்துல ஒரு அ-வா? மூஞ்சில மரு மொளச்ச மாதிரி இருக்கும், மிஸ் லிங்!" மருவுக்குப் பயந்து மாவட்டத்தையே நாய் அலுவலரிடம் கொடுத்துவிட்டார் மனுஷன். "அடுத்த கூட்டத்தில் சரி செய்வோம்" என்றார். சட்டமன்றம் இனி ஜூலையில்தான் கூடுகிறது.

நான் செய்யக்கூடியது ஓர் அடிக்குறிப்பு. 'இந்த எண் பிழையாக இருக்கலாம் எனப் பதிப்பாசிரியர் கருதுகிறார்.' அதை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். போதாதா? எந்த நீதிபதியும் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு உங்கள் பக்கம்தான் தீர்ப்புச் சொல்வார்.

ஹோக் செங் பாவம், நுவாங். புருனேயில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரல் கடைசியில் கப்பல். கல்யாணச் சான்றிதழ் இருந்தால்தான் ரின்யாவுக்கு அனுமதிச் சீட்டு தருவார்களாம். இல்லையென்றால் அவன் மட்டும் போய், மூன்று வருஷ ஒப்பந்தம் முடிந்துதான் திரும்பி வர வேண்டும். அம்மா அப்பா போனபின் அவனை வளர்த்தவள் நான். அவன் முகம் வாடினால் எனக்குச் சோறு இறங்காது. உங்களுக்கு என்மேல் கோபம் இருந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள், பக்கம் பக்கமாக எழுதுங்கள். பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

ஒரு பொட்டலம் கொம்பியா ரொட்டி இதே படகில் வருகிறது. இது லஞ்சம் இல்லை.

லிங் சியூ எங்


கோலா மெராந்தி
மார்ச் 27, 1979

மிஸ் லிங்,

ரொட்டி வந்தது. படகுக்காரன் பாதி தின்றுவிட்டான். மீதி நன்றாக இருந்தது. இருந்தாலும் முடியாது.

அடிக்குறிப்புக்கு அதிகாரம் கிடையாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? 'அடிக்குறிப்பு வாசகருக்கு, சட்டம் நாட்டுக்கு.' தங்கள் வாசகம்தான். மேசைக்கு மேலே எழுதிக்கூட ஒட்டியிருந்தீர்கள்.

சரி, உந்திங்கையாவது சம்மதிக்க வைப்போம் என்று போனேன். மனிதர் ஆற்றங்கரையில் ஒரு கறுப்பு நாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"என்னாது, நான் கல்யாணம் பண்ணி வைக்கணுமா? எனக்கே பொண்டாட்டி ஓடிப்போயி பன்னெண்டு வருஷம் ஆகுது!"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சட்டத்துல நீங்கதான் இருக்கீங்க."

"அப்ப என்ன சொல்லணும்? நாய்க்கு லைசென்ஸ் குடுக்கறப்போ 'கடிக்குமா?'ன்னு கேப்பேன். பொண்ணு மாப்பிள்ளைக்கும் அதேதானா?"

இது ஆற்றங்கரை முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் காலை ரின்யாவின் அப்பா பெலாயோங் படகில் வந்து இறங்கினார். நீள்வீட்டுத் தலைவர், ஒரே கூரையின்கீழ் முப்பத்திரண்டு குடும்பங்களுக்குப் பெரியவர். அலுவலக வாசலில் நின்றுகொண்டு கத்தினார்: "டேய் நுவாங்! என் மகளை நாய் புடிக்கிறவன் கையால கட்டி வைக்கப்போறியாமே? நாளைக்கு கழுத்துல தகர வில்லை மாட்டி விடுவியா?" நான் சட்டப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அவர் எட்டாம் பிரிவைப் பார்த்தார், இருபத்திரண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத அனுப்புனது யாரு?" என்றார். "மாப்பிள்ளையோட அக்கா" என்றேன். சம்பந்தம் எப்படிப்பட்ட இடத்தில் என்று இப்போது ரொம்ப யோசிக்கிறார்.

நான் தூண்டிவிட்டதாக நினைக்க வேண்டாம். கேட்டார், சொன்னேன்.

நுவாங்


தலைநகர்
ஏப்ரல் 4, 1979

நுவாங்,

உங்களுக்கு நன்றாகக் கொழுப்பு. பெலாயோங்கிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. 'உங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தானா?' என்று ஒரே வரி. இதற்கு நான் என்ன பதில் எழுதுவது?

ஹோக் செங்கும் எழுதியிருக்கிறான். "அக்கா, ஒரே ஒரு எண். இரண்டை மூன்றாக்க ஒரு வளைவு போட்டால் போதும். ஊருக்கெல்லாம் ஒட்டிக் கொடுக்கிறாய், எனக்காக ஒரு வளைவு போட மாட்டாயா?" என்று. படித்துவிட்டு அழுதேன். ஆமாம், அழுதேன். உங்களுக்குச் சிரிப்பாக இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் நிலைமையைக் கேளுங்கள். ஈரத்தில் சில மாவட்டங்களின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டதால், எட்டாம் பிரிவு உள்ள தாளை மறுபடி அச்சடிக்கிறோம். மூலப் படி என் மேசையில்தான் இருக்கிறது. என்னைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. 22 என்பதை 23 ஆக்கி அனுப்பினால் அதுதான் நாடு முழுவதும் புத்தகமாகிவிடும். ஷாரில் கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்க மாட்டார், தப்பு அவருடையதல்லவா! ஜூலையில் சட்டமன்றமும் அதையேதான் செய்யப்போகிறது. நான் மூன்று மாதம் முந்திக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று முழுவதும் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். மை காய்ந்துவிட்டது.

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அந்தத் தாள் வந்தால் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டு அவர்களுக்குக் கல்யாணம் செய்து வைப்பீர்களா? நான் செய்ததை வெளியில் சொல்ல மாட்டீர்களே? உங்களைப் பற்றி நான் எழுதியது போல நீங்கள் என்னைப் பற்றி எழுதினால், அதுவும் நியாயம்தான். ஆனால் கல்யாணம் முடிந்தபிறகு எழுதுங்கள்.

சரி என்று ஒரு சொல் எழுதுங்கள். அனுப்பிவிடுகிறேன்.

சியூ எங்


கோலா மெராந்தி
ஏப்ரல் 9, 1979

சியூ எங்,

அனுப்பாதே. முதலில் பேனாவை மூடு.

'நீ' என்று எழுதிவிட்டேன். அவசரத்தில் வந்தது. அப்படியே இருக்கட்டும்.

என்னை இங்கே தூக்கியடித்தபோது ஏறி வந்த, ஆற்றில் எதிர்நீச்சல் போடும் அந்தப் படகு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நாம் செய்தது தப்பா சரியா என்று யோசித்துக்கொண்டே, நாள் முழுக்க டீசல் புகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்காவது முன்கோபம் துணைக்கு இருந்தது. உனக்கு இருப்பதெல்லாம் அந்த நேர்மை ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டுப் படகேறினால் நீ உடைந்து போவாய். உன்மேல் எனக்கு ஆயிரம் கோபம் இருக்கலாம், அதைப் பார்க்க மட்டும் எனக்குத் தெம்பில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதம் வெறும் வீம்பு. நீ நன்றாகத் தவிக்கட்டும், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பதிந்து கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் போலீஸ் நிலையத்திலிருந்து சார்ஜன்ட் தாமஸ் வந்தார். ஜனவரியில் நான் கல்யாணம் செய்து வைத்தேனே, அவர்தான். ரகசியமாகக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"நுவாங், சட்டம் ஜனவரி ஒண்ணாந்தேதியே அமலுக்கு வந்துருச்சாமே? உங்களுக்குச் சீட்டு வந்தது மார்ச்சுலதானாமே?"

"ஆமா."

"அப்ப... எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?"

அந்த மனிதரின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் பெண்டாட்டி தெரேசா ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். அப்புறம் நடந்ததை எழுத முடியாது. என் நாற்காலிக்கு ஒரு கால் போய்விட்டது.

அப்போதுதான் உறைத்தது, இது நம் இருவர் சண்டை மட்டும் இல்லை என்று. ஜனவரியிலிருந்து நான் சேர்த்து வைத்த எல்லாக் குடும்பமும் தொங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது நீ திருட்டுத்தனமாக ஒரு வளைவு போட்டு, அது பின்னால் தெரியவந்தால், உன் தம்பிக்கும் இதே கதிதான். மூன்று வருஷம் கழித்து எவனாவது கதவைச் சாத்திவிட்டு வந்து நிற்பான்.

ஆகவே உன்னைப் போலவே புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் படித்தேன். 22ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: 'நாய்க் கட்டுப்பாட்டு அலுவலராக மாவட்ட அதிகாரி தகுதியுள்ள ஒருவரை அமர்த்தலாம்.' அது உந்திங்காக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. புதிய படகுத்துறை வேலைக்கு ஆள் தேடுகிறார்கள். உந்திங்குக்கு முட்டி வலி, உட்கார்ந்தே பார்க்கும் வேலை வேண்டும் என்கிறார். இன்று காலை மாவட்ட அதிகாரி இரண்டு ஆணைகளில் கையெழுத்துப் போட்டார். உந்திங் துறைக்கு. நாய்களுக்கு நான்.

ஓர் எண்ணையும் யாரும் தொடவில்லை. 22ஆம் பிரிவின்படி அமர்த்தப்பட்ட அலுவலர் இப்போது நான். கல்யாணம் இருபத்தோராம் தேதி. பெலாயோங்கிடம் பேசிவிட்டேன். "நாய் புடிக்கிறவன் நீதான்னா பரவால்ல, உன்னைச் சின்ன வயசுலேருந்து தெரியும்" என்றார். இது புகழ்ச்சிதானா என்று தெரியவில்லை.

நீ வா.

நுவாங்
(பிரிவு 22, பிரிவு 23, இடது கையில் ஒரு கடி)


தலைநகர்
மே 3, 1979

நுவாங்,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். பெலாயோங் கொடுத்த துவாக் அரிசிக்கள் ஜாடி படகிலேயே பொங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பாதிரியார் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஹோக் செங்கும் ரின்யாவும் கப்பலேறிவிட்டார்கள். ரின்யாவின் அனுமதிச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அந்தப் பெண் கைகாட்டிக்கொண்டே போனபோது உங்களைத்தான் நினைத்தேன்.

அன்றைக்கு நீங்கள் இருந்த கோலம்! வெள்ளைச் சட்டை, டை, இடுப்பில் நாய்க் கயிறு. கழற்றி வைத்திருக்கலாமே என்று கேட்டதற்கு, "பணியில இருக்கறப்போ கழட்டக் கூடாதாம், விதி இருக்கு" என்றீர்கள். உறுதிமொழிக்கு நடுவில் அந்தக் கறுப்பு நாய் உள்ளே வந்து, உங்களைப் பார்த்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியதே! சார்ஜன்ட் தாமஸை அவர் மனைவி காதைப் பிடித்து இழுத்து வந்து இரண்டாம் முறை கட்டிக்கொண்டதையும் என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

ஒரே ஒரு குறை. படகு கிளம்பும்போது துறையில் நின்றுகொண்டு என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். நானும் காத்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "பசை தீந்துபோச்சு, ரெண்டு டப்பா அனுப்பி வைங்க" என்றீர்கள். அனுப்பியிருக்கிறேன். நாற்பது வயது ஆணுக்குப் பசையைத் தவிர வேறு எதுவும் தீர்ந்துபோகாதா?

காப்பிக்கடைச் சட்டத்தைப் பற்றி. நான் எழுதியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் உங்கள் மேசை காலியான பிறகு அந்த அறையில் எனக்கு வேலையே ஓடவில்லை. அதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

சியூ எங்


தலைநகர்
ஆகஸ்ட் 2, 1979

நுவாங்,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

சட்டமன்றம் கூடியது, பிழைத்திருத்தம் நிறைவேறியது. எட்டாம் பிரிவில் 22 என்பது 23 ஆகிவிட்டது. சந்தோஷமாக ஒட்ட ஆரம்பித்தேன். புரட்டினால், அதே திருத்தத்தில் என்சிக் ஷாரில் மரக்கட்டை மிதவைகளுக்கென்று புதிதாக ஒரு பிரிவையும் சொருகியிருக்கிறார். 14அ என்றா? அதெப்படி, மரு ஆயிற்றே! 15 என்று போட்டு, பின்னால் இருப்பதெல்லாம் ஒவ்வோர் எண் தள்ள வேண்டுமாம்.

தள்ளினேன். படகுத்துறை 22. நாய் அலுவலர் 23. நீங்கள் 24.

ஆக, கல்யாணம் செய்து வைக்கும் அதிகாரம் இப்போதும் நாய் அலுவலருக்குத்தான். அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. பியூன் பயந்து தண்ணீர் கொண்டுவந்தான். ஷாரிலிடம் காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ் லிங், அந்த அ அவ்ளோ அசிங்கமாவா இருக்கும்?" என்றார்.

அடுத்த கூட்டம் டிசம்பரில். அதுவரை நாய்களை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள். கை ஆறிவிட்டதா? மருந்து அனுப்பியிருக்கிறேன், வேளாவேளைக்குப் போடுங்கள்.

சியூ எங்


கோலா மெராந்தி
ஆகஸ்ட் 13, 1979

சியூ எங்,

டிசம்பர் வரை என்னால் முடியாது. நாய் அலுவலர் வேலையை இன்று ராஜினாமா செய்துவிட்டேன். உந்திங் வரும் திங்கட்கிழமை மறுபடி ஏற்றுக்கொள்கிறார். முட்டி வலியோடு புலம்பிக்கொண்டுதான் ஏற்றுக்கொள்கிறார். படகுத்துறையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதாம்.

மாவட்ட அதிகாரி காரணம் கேட்டார். "கடிக்குப் பயந்துட்டியா?" என்றார். இல்லை என்றேன். திருமணம் செய்து வைக்கும் அலுவலரும் மாப்பிள்ளையும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று ஒன்பதாம் பிரிவு சொல்கிறது, அதுதான் காரணம் என்றேன். அவர், "பொண்ணுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "முதல்ல எழுதித் தொலை" என்றார்.

எழுதிவிட்டேன். துறையில் சொல்ல வந்தது இதுதான். நாற்பது வயதில் நாக்கு புரளவில்லை. நான் முன்கோபி, வீம்புக்காரன், எனக்கு மேல்வரும்படி கிடையாது. வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகும். நீ மேலிடத்துக்கு எழுதிய அன்றைக்கும் உன்னைப் பிடித்திருந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதிவிடு. நாய் வேலைக்கே திரும்பிப் போய்விடுகிறேன், உந்திங் சந்தோஷப்படுவார்.

நுவாங்


தலைநகர்
ஆகஸ்ட் 21, 1979

நுவாங்,

உந்திங்கிடம் சொல்லுங்கள், கல்யாணத்தன்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கயிற்றைக் கழற்ற வேண்டாம், விதி இருக்கிறதாமே. 'கடிக்குமா?' என்று கேட்டால், கடிக்கும் என்றுதான் சொல்வேன்.

கோலா மெராந்திக்கு மாற்றல் கேட்டு இன்று மனுக் கொடுத்தேன். அதில் 'காரணம்' என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷமும் மற்றவர்கள் எழுதியதை வெட்டியும் ஒட்டியும்தானே பழக்கம், சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை. கடைசியில் எழுதினேன்: 'அவரோடு இருக்க எனக்கு ஆசை.'

மேலதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "குடும்ப நிமித்தம்னு மாத்திப் போட்டுடலாமா, மிஸ் லிங்? எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"வேண்டாம் சார். ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க" என்றேன்.

சியூ எங்